பிரஷர் மாத்திரை: எங்கே வாங்கினால் நடுவில் நிற்காது?

"தம்பி, பத்து மாத்திரை மட்டும் வெட்டிக் குடுங்க. மீதியை அடுத்த வாரம் வாங்கிக்கிறேன்."

தேனி மாவட்டத்தில் ஒரு மருந்துக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு நாளில் எத்தனை பேர் இப்படிச் சொல்லிக் கேட்கிறேன் என்று எண்ணியதில்லை. பதினைந்து மாத்திரை அட்டையில் கத்தரிக்கோலை வைத்துப் பத்தை வெட்டிக் கொடுப்பேன். சொன்னபடி அடுத்த வாரம் வருகிறவர்கள் உண்டு. இரண்டு மாதம் கழித்து வந்து, "நடுவுல ஊருக்குப் போயிட்டேன், அப்புறம் அப்படியே விட்டுப்போச்சு" என்பவர்களும் உண்டு. ஒருவர் வராமலே போய், ஒரு நாள் அவருடைய மகன் வேறு சீட்டோடு வந்து நிற்பதும் நடக்கிறது. அந்தச் சீட்டைப் பார்த்ததுமே பக்கவாதத்துக்கு எழுதியது என்று தெரிந்துவிடும்.

அந்த மகனாக நானும் நின்றிருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "இதை எங்கே வாங்கினால் மலிவு?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் பிரஷர் மாத்திரை காய்ச்சல் மாத்திரை மாதிரி ஐந்து நாளில் முடிகிற கணக்கு இல்லை. வருடக்கணக்கில் வாங்க வேண்டும். பத்துப் பத்தாக வாங்குகிறவர் வருடத்துக்கு 36 தடவை கடை ஏறுகிறார். மாதத்துக்கு ஒரு தடவை வாங்குகிறவர் 12 தடவை. ஏறுகிற ஒவ்வொரு தடவையும் மாத்திரை நின்றுபோக ஒரு சந்தர்ப்பம்தான்: அடைமழை, கையில் காசில்லாத வாரம், மகளின் பிரசவத்துக்குப் போன மாதம், மலைக்கு மாலை போட்டிருக்கும் நாட்கள். அதனால் மலிவு எது என்பதோடு, எந்த வழியில் வாங்கினால் நடுவில் அறாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியை முன்னால் வைத்துத்தான் ஒப்பிடுகிறது.

இது என் கடையோடு முடிகிற கவலை இல்லை. நீண்ட நாள் நோய்களுக்கு எழுதிக் கொடுக்கும் மருந்தை, வசதியான நாடுகளிலேயே சுமார் பாதிப் பேர்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2020-ல் பிரஷர், சர்க்கரை மாதிரியான நோய்களைப் பற்றி எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. அடுத்த கணக்கெடுப்பில் அது 17 சதவீதமாக ஏறியது. நல்ல ஏற்றம்தான். ஆனாலும் நூற்றில் எண்பத்து மூன்று பேர் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் எனக்கு முகம் தெரிந்தவர்கள் போலவே ஒரு எண்ணம் வரும்.

நிறுத்தினால் ஆகும் செலவு

எந்த வழியோடும் ஒப்பிடும் முன்னால், "மாத்திரையே வேண்டாம்" என்ற வழியையும் ஒரு தேர்வாகக் கணக்கில் எடுக்க வேண்டும். நிறையப் பேர் அதைத்தான் சத்தமில்லாமல் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அம்லோடிபின் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மிக அதிகம் எழுதப்படும் பிரஷர் மாத்திரைகளில் ஒன்று. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் நிறுத்திய மறுநாள் எதுவும் தெரியாது. மூன்றாம் நாளும் தெரியாது. ஒரு வாரம் கழித்து அழுத்தம் பழைய இடத்துக்கு ஏறியிருக்கும், அப்போதும் தலை வலிக்காது, மயக்கம் வராது. "நிறுத்தியும் நல்லாத்தானே இருக்கேன்" என்ற முடிவு அங்கேதான் பிறக்கிறது. அட்டெனோலால், மெட்டோபிரோலால் மாதிரியான மாத்திரைகள் இதற்கு நேர்மாறு. திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு படபடக்கும், இதய நோய் இருப்பவர்களுக்கு மாரடைப்பு வரைக்கும் போகலாம். எது எப்படி என்று சாப்பிடுகிறவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

என் அப்பா தையல்காரர். பிரஷர் மாத்திரையை நானே கடையிலிருந்து மாதாமாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசுப் பிரச்சினை இல்லை, அலைச்சல் இல்லை. ஒரு நாள் விடிகாலையில் அவருக்கு வாய் கோணி, வலது கை தூக்க முடியாமல் போனது. 108-ஐக் கூப்பிட்டோம். அம்மா என்னிடம், "பீரோவுல காப்பீட்டு அட்டை இருக்கு, எடுத்துட்டு வா" என்றார். அப்பாவின் வேட்டி அடுக்கைத் தூக்கியபோது அடியில் மாத்திரை அட்டைகள் இருந்தன. ஏழு அட்டை. ஒன்றில்கூட ஒரு மாத்திரை பிரிக்கப்படவில்லை. ஏழு பதினைந்து, நூற்றைந்து நாள். முன்பு ஒரு முகாமில் பார்த்தபோது 126/80 வந்திருக்கிறது, "சரியாயிடுச்சு" என்று விட்டுவிட்டார். மாத்திரை சாப்பிட்டதால்தான் 126 வந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அட்டையைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

மருத்துவமனைச் செலவில் பெரும்பகுதியை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது. அதற்கப்புறம் வந்த செலவுக்கு எந்த அட்டையும் இல்லை. வீட்டுக்கு வந்து பிசியோதெரபி பார்த்தவருக்கு ஒரு தடவைக்கு 400 ரூபாய். அம்மா பூ கட்டப் போவதை நிறுத்தினார். அப்பாவின் வலது கையால் இன்றுவரை துணி வெட்ட முடியவில்லை. தையல் மெஷினை விற்றோம்.

சிறுநீரகம் கெட்டால் கணக்கு இன்னும் நீளம். டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரத்துக்கு மூன்று நாள். சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும், போய் வருகிற பஸ் காசும், கூடப் போகிறவரின் கூலியும் இலவசம் இல்லை. "மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்" என்று பயந்து நிறுத்துகிறவர்கள் என் கடையில் நிறையப் பேர். உண்மை தலைகீழ். கட்டுப்படாத அழுத்தம்தான் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. மேல் அளவில் 10 புள்ளி குறைத்தாலே பக்கவாதம் வரும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்று 2016-ல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது.

இனி வழிகளுக்கு வருவோம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையம், மக்களைத் தேடி மருத்துவம்

செலவு பூஜ்யம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து, பரிசோதித்து அனுப்புவது அதன் வேலை. "விற்பனைக்கு அல்ல" என்று அச்சடித்திருக்கும் அட்டையைப் பார்த்து, "கவர்மென்ட் மாத்திரை, பவர் கம்மி" என்று சொல்லாதீர்கள். உள்ளே இருப்பது அதே அம்லோடிபின் 5 மில்லிகிராம்தான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதை வீட்டு வாசல் வரை கொண்டுவந்தது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. என்னைக் கேட்டால், இதன் பெரிய பலம் இலவசம் என்பதில் இல்லை. மாத்திரை தருகிறவரே அழுத்தமும் பார்க்கிறார் என்பதில்தான் இருக்கிறது. என் கடையில் அட்டை கிடைக்கும், ஆனால் அது உள்ளே போகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

குறைகளும் உண்டு. சுகாதார நிலையத்துக்கு நேரில் போகிறவர் என்றால் காலை நேரம் போய்விடும், அன்றாடக் கூலிக்காரருக்கு அது அரை நாள் சம்பளம். புதிதாகக் கொள்முதல் ஆகும்போது மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறலாம். வெள்ளை வட்டத்துக்குப் பழகிய கண்ணுக்கு மஞ்சள் மாத்திரை வேறு மருந்தாகத் தெரியும், பாட்டிமார்கள் பயந்து ஒதுக்கிவிடுவார்கள். தனியார் டாக்டர் எழுதும் சில கூட்டு மாத்திரைகளும் அங்கே இருக்காது. வேலைக்காகத் திருப்பூருக்கோ சென்னைக்கோ இடம் மாறினால், அங்கே புதிதாகப் பெயர் பதிய வேண்டும். அந்த இடைவெளியில்தான் நிறையப் பேருக்கு மாத்திரை அறுகிறது.

மக்கள் மருந்தகமும் முதல்வர் மருந்தகமும்

பிரதமர் திட்டத்தின் மக்கள் மருந்தகங்கள் 2008-லிருந்தே இருக்கின்றன. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. இரண்டிலும் மருந்து மூலப்பெயரில் (ஜெனெரிக்) கிடைக்கும். டெல்மிசார்டான் 40 மில்லிகிராம் என்ற பிரஷர் மாத்திரையைப் பிரபலமான பிராண்டில் வாங்கினால் ஒன்று சுமார் 7 ரூபாய், வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல். மக்கள் மருந்தகத்தில் அதில் நான்கில் ஒரு பங்குகூட ஆகாது.

தனியார் கடையில் வேலை பார்க்கும் நானே சொல்கிறேன்: இரண்டு மூன்று மாத்திரை சாப்பிடுகிறவர், காசுக்காகத்தான் பத்துப் பத்தாக வெட்டி வாங்குகிறார் என்றால், அங்கே போங்கள். எங்கள் கடையில் பத்து நாளைக்குக் கொடுக்கும் பணத்தில் அங்கே ஒரு மாதத்துக்கு வாங்கிவிடலாம். கடைக்கு ஏறும் 36 தடவை 12 ஆகிவிடும்.

ஆனால் ஒரு ஆபத்தை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவர் தலை சுற்றுகிறது என்று கடைக்கு வந்தார். பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னேன். பழைய பிராண்டு டெல்மிசார்டான் ஒரு அட்டை, மக்கள் மருந்தகத்து டெல்மிசார்டான் ஒரு அட்டை. பெயர் வேறு என்பதால் இரண்டு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். உடனே டாக்டரிடம் அனுப்பினேன். பிராண்டிலிருந்து மூலப்பெயர் மருந்துக்கு மாறும் நாளில் பழைய அட்டையையும் கையோடு கொண்டுபோய், "இதுக்குப் பதிலா இதுவா, இதோட சேர்த்து இதுவா?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி எழுத்தைப் படிக்க முடியாத வயதில் இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, சரக்குத் தட்டுப்பாடு. ஒரு மாதம் 40 மில்லிகிராம் இருக்கும், 80 இருக்காது. அதனால் மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே போங்கள்.

தனியார் மருந்துக் கடை, ஆன்லைன்

எங்கள் கடையின் பலம் அருகில் இருப்பதும், இரவு பத்து மணிவரை திறந்திருப்பதும், கடன் சொல்ல முடிவதும்தான். "அண்ணே, சம்பளம் வந்ததும் தர்றேன்" என்று சொன்னால் கொடுக்கிற கடை ஒன்று பக்கத்தில் இருப்பது மாத்திரை நிற்காமல் இருக்கப் பெரிய உதவி. சீட்டைத் தொலைத்தாலும், அதே ஆளிடம் பல வருடம் வாங்கினால் அவருக்கு உங்கள் மருந்து நினைவிருக்கும். பலவீனம் விலைதான். அத்தோடு அட்டைக் கணக்கும் இடிக்கும். ஒன்றில் 10, ஒன்றில் 14, ஒன்றில் 15. மூன்று மருந்து மூன்று வேறு நாளில் தீரும். தீர்ந்ததை மட்டும் விட்டுவிட்டு, இருப்பதைச் சாப்பிடுகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

ஆன்லைனில் தள்ளுபடி உண்டு. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் அனுப்ப வசதி. ஆனால் பொட்டலம் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற செய்தி, அம்மா மாத்திரையைச் சாப்பிட்டார் என்ற செய்தி ஆகாது. என் அப்பாவின் பீரோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாத்திரையா, ஒரே மாத்திரையா?

இடம் முடிவான பிறகு வரும் அடுத்த தேர்வு இது. இரண்டு மருந்து தேவைப்படுகிறவருக்கு அவற்றைத் தனித்தனியாகவும் எழுதலாம், ஒரே மாத்திரையில் சேர்த்தும் எழுதலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இப்படிப்பட்ட ரத்த அழுத்தக் கூட்டு மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இதய நோய் ஆபத்து அதிகம் உள்ள சுமார் 2,000 பேரிடம் நடந்த அம்பயர் ஆய்வு 2013-ல் வெளியானது. பல மருந்துகளை ஒன்றாக்கிய மாத்திரை வாங்கியவர்களில் 86 சதவீதம் பேர் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். வழக்கம்போலத் தனித்தனியாக வாங்கியவர்களில் 65 சதவீதம்.

தனியார் கடையில் வாங்குகிறவருக்கு, அளவு நிலைபெற்றுவிட்டது என்றால், ஒரே மாத்திரைதான் என் கட்சி. இரண்டில் ஒன்றைக் காசுக்காகத் தள்ளிவைக்கும் பேச்சே அங்கே எழாது. ஆனால் சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில், அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கும்போது, தனித்தனி மாத்திரைகளே டாக்டருக்கு வசதி. எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றும் கண்டுபிடிக்கலாம்.

ஒத்துக்கொள்ளாமை என்றதும் சொல்லிவிடுகிறேன். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம். எனலாபிரில், ராமிபிரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். சிறுநீர் பெருக்கி மாத்திரைகளை ஒரு ஜவுளிக் கடை அக்கா காலையில் சாப்பிடுவதையே விட்டுவிட்டார், காரணம் வேலை நேரத்தில் அடிக்கடி பாத்ரூம் போக விடமாட்டார்கள். அவர் இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, ஐந்து மாதம் கழித்து என்னிடம் சொன்னார். சீட்டோடு திருப்பி அனுப்பினேன், டாக்டர் வேறு மருந்து மாற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான் தேவைப்பட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்ற வகையிருக்கிறது, சொல்லத்தான் வேண்டும்.

வேளையைப் பற்றியும் கேட்பார்கள். காலையா, ராத்திரியா? பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த டைம் ஆய்வு 2022-ல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் எதிலும் காலைக்கும் இரவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டாக்டர் குறிப்பாக ஒரு வேளை சொல்லாவிட்டால், மறக்காமல் இருக்கிற வேளையை வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் பெருக்கியை மட்டும் இரவில் வேண்டாம், தூக்கம் கெடும்.

வாரப் பெட்டியில் மாத்திரையைப் பிரித்துப் போட்டு வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெல்மிசார்டான் ஈரத்தை உறிஞ்சும், அதனால்தான் அது கெட்டியான அலுமினிய அட்டையில் வருகிறது. முன்கூட்டியே உடைத்துப் போடாமல், அட்டையோடு ஒவ்வொன்றாக வெட்டிப் பெட்டியில் போடுங்கள்.

யாருக்கு எது?

வீட்டில் இருக்கும் பெரியவர், நடமாட்டம் குறைந்தவர், தனியாக இருப்பவர்: மக்களைத் தேடி மருத்துவம். யோசிக்கவே வேண்டாம். காலையில் வேலைக்குப் போகிறவர், இரண்டுக்கு மேல் மாத்திரை, காசு இடிக்கிறது: மக்கள் மருந்தகம் அல்லது முதல்வர் மருந்தகம், மாதத்துக்கு ஒரே நாளில். பல வருடமாக ஒரே டாக்டர், ஒரே பிராண்டு, செலவு தாங்கும், நிற்காமல் ஓடுகிறது என்றால் அதைக் கலைக்காதீர்கள். சேமிக்கும் ரூபாயை விட ஓடிக்கொண்டிருக்கும் பழக்கம் பெரியது. எந்த வழியாக இருந்தாலும் மாதம் ஒரு முறையாவது அழுத்தம் பார்த்து எழுதி வையுங்கள். பொதுவாக 140/90-க்குக் கீழே, சர்க்கரையோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் 130/80-க்குக் கீழே என்பது இலக்கு. இலக்கைத் தொட்ட நாளில் மாத்திரையை நிறுத்துவதில்லை, அதே மாத்திரையைத் தொடர்வது.

என் அப்பாவுக்கு இப்போது நான் கடையிலிருந்து மாத்திரை கொண்டுபோவதில்லை. எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் அக்காதான் கொடுக்கிறார். வந்ததும் இடது கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்ப்பார், நோட்டில் எழுதுவார். பிறகு அம்மாவிடம் பழைய அட்டையை வாங்கி விரலால் எண்ணுவார். போன மாதம் இரண்டு மாத்திரை அதிகம் இருந்தது.

"என்னப்பா, ரெண்டு மிச்சம் நிக்குது?"

அப்பா இடது கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினார். ஒரு நாள்தான் விட்டேன் என்று அர்த்தம். அக்கா அட்டையை அவர் கண் முன்னால் நீட்டி மறுபடி எண்ணிக் காட்டினார். அப்பா இன்னொரு விரலையும் தூக்கினார்.